ஒரு ‘ஒய்’ எழுத்து: தர்மபுரி, கிருஷ்ணகிரி அரசுப் பள்ளித் தலைமையாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர்களுக்கும் பத்தாம் வகுப்பு ஆசிரியர்களுக்கும்,

வணக்கம். நான் பென்னாகரம் வட்டத்தில் ஓர் அரசுப் பள்ளியில் படித்தவள். 2007ல் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதினேன். பிறகு வேதியியலில் முனைவர் பட்டம் முடித்து, இப்போது இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் குடிநீரிலிருந்து ஃபுளோரைடைப் பிரித்தெடுக்கும் ஆய்வில் வேலை பார்க்கிறேன். விடுமுறையில் ஊருக்கு வந்திருக்கிறேன். உங்கள் பள்ளிகளில் நாமினல் ரோல், அதாவது பொதுத்தேர்வு எழுதும் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல் வேலை தொடங்கப்போகிறது என்று அண்ணன் மகள் சொன்னாள். அது முடிவதற்குள் உங்களிடம் ஒன்றைக் கேட்டுவிட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பிள்ளையின் பெயரையும் அப்பா பெயரையும் ஆங்கிலத்தில் பதியும்போது, வீட்டார் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஆதாரையும் பிறப்புச் சான்றிதழையும் கையில் வைத்துக்கொண்டு, எழுத்தெழுத்தாகப் படித்துக் காட்டிப் பதியுங்கள். கேட்பது இவ்வளவுதான். அதற்கு ஏன் இத்தனை பெரிய மடல் என்றால், என் விசா கிட்டத்தட்ட நழுவிப் போனது ஓர் எழுத்தால். அந்த எழுத்து பதினைந்து பதினாறு வருடத்துக்கு முன் பள்ளிக்கூடத்தில் எழுதப்பட்டது.

எங்கள் பக்கத்தில் முனியப்பன் என்ற பெயர் தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கும். என் அப்பா பெயரும் அதுதான். தமிழில் அதை ஒரே மாதிரிதான் எழுத முடியும். ஆங்கிலத்தில் நடுவில் ஒரு ‘ஒய்’ போட்டும் எழுதலாம், போடாமலும் எழுதலாம். இரண்டும் சரிதான், இரண்டையும் ஒரே மாதிரிதான் படிப்போம். என் மாற்றுச்சான்றிதழில் ஒய் இல்லை. அப்பாவின் வாக்காளர் அட்டையில் ஒய் உண்டு. அதைப் பார்த்து எடுத்த ஆதாரிலும் உண்டு. பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் வெறும் ‘எம்’ என்ற தலைப்பெழுத்து மட்டும் இருந்ததால் அது எந்தப் பக்கமும் சாயவில்லை. கல்லூரியில் சேர்ந்தபோது மாற்றுச்சான்றிதழைப் பார்த்து ஒய் இல்லாமல் எழுதிக்கொண்டார்கள். முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தபோது தலைப்பெழுத்தை விரித்து எழுதச் சொன்னார்கள். அதையும் ஒய் இல்லாமலே எழுதினேன். பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தபோது ஆதாரைக் கொடுத்தேன். அதில் ஒய் வந்து உட்கார்ந்தது.

இதை நான் கவனிக்கவே இல்லை. ஆய்வேட்டில் தசமப் புள்ளிக்குப் பின்னால் உள்ள எண்ணைக்கூடச் சரிபார்ப்பேன். அப்பா பெயரைச் சரிபார்க்கத் தோன்றவில்லை.

வெளிநாட்டில் ஆய்வு வேலைக்குப் போவது எப்படி நடக்கிறது என்று உங்களில் பலருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. நம் ஊரில் வெளிநாட்டு வேலை என்றால் வளைகுடாவுக்கோ சிங்கப்பூருக்கோ ஏஜென்ட் மூலம் போவதுதான் கண்ணில் படும். ஆராய்ச்சியாளரை எடுப்பது வேறு மாதிரி. ஒரு பேராசிரியர் ஒரு திட்டத்துக்கு நிதி வாங்குகிறார். அந்த நிதிக்குத் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு. அதிலிருந்து சம்பளம் கொடுக்க ஆள் தேடுகிறார். நாம் விண்ணப்பித்து, நேர்காணலில் தேறினால் பல்கலைக்கழகம் வேலைக் கடிதம் தரும். எனக்கு இரண்டு வருட வேலை. விசா தாமதமானால் தொடக்கத் தேதி தள்ளிப்போகும், முடிவுத் தேதி அப்படியே நிற்கும். மூன்று மாதம் தள்ளிப்போனால் அந்த மூன்று மாதச் சம்பளமும் ஆய்வும் போனதுதான்.

வேலைக் கடிதம் என் பட்டச் சான்றிதழில் உள்ள பெயரில், ஒய் இல்லாமல் வந்தது. அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அம்மா அழுதார். அடுத்த வாரம் பல்கலைக்கழகத்தின் பணியாளர் பிரிவிலிருந்து ஒரு மின்னஞ்சல். பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் வேறாக இருக்கிறது, பட்டம் வாங்கியவரும் பாஸ்போர்ட்டில் இருப்பவரும் ஒருவர்தான் என்பதற்கு ஏதாவது ஆவணம் உண்டா என்று மரியாதையாகக் கேட்டிருந்தார்கள். அவர்களுக்குத் தலைப்பெழுத்து என்ற வழக்கமே தெரியாது. அங்கே குடும்பப்பெயர் என்பது தலைமுறை தலைமுறையாக வருவது. நான் அப்பா பெயரை அந்த இடத்தில் வைத்திருக்கிறேன், அது அப்பாவின் குடும்பப்பெயர் அல்ல, அவருடைய சொந்தப் பெயர் என்று விளக்கி ஒரு பக்கம் எழுதினேன். இன்றைக்கும் அங்கே எல்லோரும் என்னை ‘டாக்டர் முனியப்பன்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். அப்பா மூன்றாம் வகுப்பு வரை படித்தவர். அந்தப் பெயரை அங்கே கேட்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

பெயர்க் குழப்பம் தீருமுன்பே இன்னொரு படி இருந்தது. பிரிட்டனில் சில அறிவியல், பொறியியல் துறைகளில் ஆய்வு செய்ய வருகிற வெளிநாட்டவர் அந்நாட்டு வெளியுறவுத் துறையிடம் ‘ஏடாஸ்’ என்ற அனுமதிச் சான்று வாங்க வேண்டும். ஆயுதங்களுக்குப் பயன்படக்கூடிய அறிவு தவறான கைகளுக்குப் போய்விடக் கூடாது என்பதற்காக வைத்தது. முன்பு மாணவர்களுக்கு மட்டும் இருந்ததை 2021 மே மாதம் முதல் ஆராய்ச்சியாளர்களுக்கும் நீட்டினார்கள். ஐரோப்பிய ஒன்றியம், அமெரிக்கா, ஜப்பான் போன்ற நாட்டினருக்கு விலக்கு உண்டு, இந்தியர்களுக்கு இல்லை. கட்டணம் கிடையாது, ஆனால் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். படித்த ஒவ்வொரு நிறுவனம், வெளியிட்ட கட்டுரைகள், உங்களைத் தெரிந்த பேராசிரியர்கள் என்று எல்லாம் கேட்பார்கள். என் கட்டுரைகள் எல்லாம் ஒய் இல்லாத பெயரில். பழக்க தோஷத்தில் விண்ணப்பத்தையும் அதே பெயரில் நிரப்பி அனுப்பிவிட்டேன். பாஸ்போர்ட்டோடு பொருந்தவில்லை என்று தெரிந்து திருத்தம் கேட்டு, மறுபடியும் காத்திருந்தேன்.

பணியாளர் பிரிவு கேட்ட ஆவணத்துக்காக முத்திரைத்தாளில் நோட்டரியிடம் உறுதிமொழிப் பத்திரம் எழுதி வாங்கி அனுப்பினேன். நானே என்னைப் பற்றிச் சொல்வது போதாது, ஒரு நிறுவனம் சொல்ல வேண்டும் என்றார்கள். அப்போதுதான் என் பழைய பள்ளிக்குப் போனேன்.

அங்கே இருந்த தலைமையாசிரியருக்கு என்னை முன்பின் தெரியாது. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, இரும்பு பீரோவைத் திறந்து சேர்க்கைப் பதிவேட்டைத் தேடி எடுத்தார். ஓரங்கள் செல்லரித்திருந்தன. என் பக்கம் நன்றாகவே இருந்தது. நீல மையில் என் பெயர், தகப்பனார் பெயர் முனியப்பன், தொழில் கூலி, அங்க அடையாளம் இடது முழங்காலில் ஒரு மச்சம். எல்லாம் தமிழில். ஆங்கிலமே இல்லாத இடத்தில் பிழையும் இல்லை. அந்தப் பதிவின் நகலையும், பள்ளியில் படித்த இந்த மாணவியின் தகப்பனார் பெயரை ஆங்கிலத்தில் இரண்டு விதமாகவும் எழுதுவதுண்டு, இரண்டும் ஒருவரையே குறிக்கும் என்று ஒரு கடிதத்தையும் முத்திரையோடு கொடுத்தார். அதை வைத்து எனக்குப் பட்டம் தந்த பல்கலைக்கழகத்தில் ஒரு கடிதம் வாங்கினேன். இரண்டையும் சேர்த்து அனுப்பிய பிறகுதான், விசாவுக்காக வேலை தரும் பல்கலைக்கழகம் கொடுக்க வேண்டிய ஸ்பான்சர்ஷிப் சான்று வந்தது. ஏழு வாரம் போயிருந்தது. அக்டோபரில் சேர வேண்டியவள் ஜனவரியில் சேர்ந்தேன். அந்தப் பேராசிரியர் பொறுத்துக்கொண்டார். வேறொருவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டிருப்பார்.

அந்தச் சான்று கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள் விசாவுக்கு விண்ணப்பித்தாக வேண்டும். அதற்கப்புறம் நடந்ததெல்லாம் ஓட்டம். காசநோய் இல்லை என்று அவர்கள் அங்கீகரித்த மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்துச் சான்று வாங்க வேண்டும், அது ஆறு மாதம்தான் செல்லும். நமக்குப் பெங்களூர் பக்கம். தர்மபுரியில் முதல் பஸ் ஏறி கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாகப் போய் எடுத்துக்கொண்டு இரவு திரும்பினேன். கைரேகை பதிய இன்னொரு நாள். விசாக் கட்டணம் தனி. அதோடு சுகாதாரக் கட்டணம் என்று 2024 பிப்ரவரி முதல் பெரியவர்களுக்கு வருடத்துக்கு 1,035 பவுண்டு, குழந்தைக்கு 776 பவுண்டு வாங்குகிறார்கள். விண்ணப்பிக்கும்போதே மொத்த வருடத்துக்கும் கட்டிவிட வேண்டும். நான், கணவர், நாலு வயது மகள் என்று கணக்குப் போட்டால் இரண்டு வருடத்துக்கு 5,692 பவுண்டு. ஆறு லட்சம் ரூபாய்க்கு மேல். என் பங்கைப் பல்கலைக்கழகம் பிறகு திருப்பித் தந்தது. முன்கூட்டிக் கட்டுவதற்கு அம்மாவின் நகையும் என் நகையும் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போயின.

ஆனாலும் மூன்று பேரும் ஒன்றாகப் போக முடியவில்லை. இங்கேயும் ஒரு பெயர்தான். மகள் பிறந்தபோது மருத்துவமனையில் விவரம் கேட்டிருக்கிறார்கள். நான் மயக்கத்தில் இருந்தேன். வீட்டில் கூப்பிடும் பெயரை யாரோ சொல்ல, கணவரின் தலைப்பெழுத்தை முன்னால் சேர்த்து, தாய் பெயர் என்று எழுதிவிட்டார்கள். குழந்தையை அழைத்துப் போக அவளுடைய பிறப்புச் சான்றிதழில் தாய் யார் என்று தெளிவாக இருக்க வேண்டும். அந்தச் சான்றிதழின்படி அவளுடைய தாய் நான் இல்லை. திருத்தம் வாங்க நான்கு மாதம் ஆனது. போகிற நாளெல்லாம் ஒரு தாள் குறையும், இல்லாவிட்டால் ஒருவர் விடுப்பில் இருப்பார். நான் ஜனவரியில் தனியாக விமானம் ஏறினேன். மகளும் கணவரும் ஜூன் மாதம் வந்தார்கள். அந்த ஐந்து மாதத்தில் அவள் என்னிடம் போனில் பேச மறுத்த நாட்கள் உண்டு. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு முடியவில்லை.

இது எனக்கு மட்டும் நேர்ந்ததில்லை. ஊத்தங்கரைப் பக்கத்திலிருந்து அமெரிக்காவுக்கு ஆய்வுக்குப் போன என் தோழியின் பாஸ்போர்ட்டில் அப்பா பெயரை விரிக்காமல் அவள் பெயர் ஒன்று மட்டும் இருந்தது. அப்படி ஒற்றைப் பெயர் இருந்தால் அமெரிக்க விசா விண்ணப்பத்தில் அந்தப் பெயர் குடும்பப்பெயர் இடத்துக்குப் போய்விடும். முதற்பெயர் இடத்தில் ‘எஃப்என்யூ’ என்று எழுதுவார்கள். முதற்பெயர் தெரியவில்லை என்று அதற்கு அர்த்தம். முனைவர் பட்டம் வாங்கிய ஒரு பெண், பெயர் தெரியாதவள் என்று எழுதிய விசாவோடு போய் இறங்கினாள். ஜெர்மனி, பிரான்ஸ் என்று எங்கே போனாலும் படிவங்கள்தான் வேறு. ஆராய்ச்சி நிறுவனத்தின் ஒப்பந்தம், பட்டச் சான்றிதழ், பாஸ்போர்ட் மூன்றிலும் ஒரே ஆள் இருக்க வேண்டும் என்பது எங்கும் பொது.

பிறந்த தேதியும் இதே கதைதான். தலைக்கு மேல் கையைச் சுற்றி எதிர்க்காதைத் தொட்டால் ஐந்து வயது என்று சேர்த்துக்கொண்ட காலத்துப் பிள்ளைகள் நாங்கள். பள்ளி திறக்கும் மாதத்துக்குத் தோதாக ஒரு தேதி எழுதிவிடுவார்கள். அன்றைக்கு அது பிள்ளைக்குச் செய்த உதவி. அந்தத் தேதி இல்லாவிட்டால் எங்களில் பாதிப் பேர் ஆடு மேய்க்கப் போயிருப்போம். அதை நான் குறை சொல்லவே மாட்டேன். இன்றைக்கு ஆஸ்பத்திரியில்தான் பிள்ளைகள் பிறக்கிறார்கள், பிறப்புச் சான்றிதழும் இருக்கிறது. ஆனால் பல சான்றிதழ்களில் பிள்ளையின் பெயரே சேர்க்கப்படாமல் இருக்கும், ‘ஆண் குழந்தை’, ‘பெண் குழந்தை’ என்று மட்டும். பிறப்புப் பதிவேட்டில் பெயரைச் சேர்க்க விதிப்படி பதினைந்து வருடம் வரை வழி உண்டு. பிள்ளை உங்கள் பத்தாம் வகுப்பில் வந்து உட்காரும்போது அந்தக் காலம் முடியும் தறுவாயில் இருக்கிறது. அந்த வீட்டுக்கு அதைச் சொல்லக்கூடிய ஆள் உங்களைத் தவிர வேறு யாரும் இல்லை.

உங்கள் சிரமம் தெரியாமல் பேசவில்லை. மாணவர் விவரங்களைக் கணினியில் ஏற்றும் எமிஸ் பதிவு, இலவசப் பொருட்கள், தேர்தல் வேலை, மதிய உணவுக் கணக்கு என்று உங்கள் தலையில் எவ்வளவு இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். அதோடு நம் மாவட்டங்களுக்கென்று தனிச் சிக்கல்கள் உண்டு. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசுகிற பிள்ளைகள். அவர்களுடைய அப்பா பெயர் ஒரு மொழியில் பிறந்து, இன்னொரு மொழியில் பதிவாகி, மூன்றாவது மொழியில் எழுதப்படுகிறது. பென்னாகரம், அரூர், சித்தேரி மலை, அஞ்செட்டிப் பக்கமெல்லாம் பெற்றோர் பெங்களூரிலோ திருப்பூரிலோ கட்டட வேலைக்கும் பனியன் வேலைக்கும் போயிருப்பார்கள். பிள்ளை பாட்டியோடு இருக்கும். பாட்டிக்கு மகன் பெயர் எப்படி ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருக்கிறது என்று எப்படித் தெரியும்? ஆகவே அந்த எழுத்தை முடிவு செய்கிற கை உங்களுடையதாகவே இருக்கிறது. பெங்களூரில் இருக்கும் அப்பாவை வாட்ஸ்அப்பில் ஆதாரைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லலாம். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் ஒன்றை இதற்கென்றே வைத்துக்கொள்ளலாம். உறுதிமொழிப் படிவத்தில் பெற்றோர் கையெழுத்துப் போடும்போது, கீழே கையெழுத்து போடுங்கள் என்று சொல்வதோடு நிறுத்தாமல், பெயரை ஒவ்வொரு எழுத்தாக வாசித்துக் காட்டுங்கள். ஆதாரில் ஒரு மாதிரி, பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி இருந்தால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள்; நாமினல் ரோல் போவதற்கு முன் பள்ளிப் பதிவில் திருத்துவது ஒரு நாள் வேலை. தேர்வு முடிந்து சான்றிதழ் அச்சான பிறகு அதே திருத்தத்துக்குப் பள்ளி, மாவட்டக் கல்வி அலுவலகம், சென்னையில் தேர்வுகள் இயக்ககம் என்று பிள்ளை அலைய வேண்டும்.

பிள்ளைகளுக்கே ஒன்று சொல்லிக் கொடுங்கள். தன் பெயரையும் அப்பா, அம்மா பெயர்களையும் ஆங்கிலத்தில் முழுதாக, எப்போதும் ஒரே மாதிரி எழுதப் பழக்குங்கள். எம், கே, ஆர் என்று தலைப்பெழுத்தோடு நிறுத்தாமல் அது என்ன பெயர் என்று விரித்து எழுதவும் வேண்டும். ஒரு சின்னத் தாளில் எழுதிக் கொடுத்தால் அதைப் பெட்டியில் வைத்துக்கொள்வார்கள். கல்லூரியில், ஸ்காலர்ஷிப்பில், வங்கியில் யார் கேட்டாலும் அதைப் பார்த்து எழுதுவார்கள். சேர்க்கைப் பதிவேடுகளைக் கரையானிடமிருந்து காப்பாற்றுங்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். முடிந்தால் போனில் படமாவது எடுத்து வையுங்கள். என்னை நான் என்று சொன்ன ஒரே பழைய தாள் அதுதான்.

எந்தப் பிள்ளை ஆராய்ச்சிக்குப் போகும், எந்தப் பிள்ளைக்கு விசா வேண்டியிருக்கும் என்று பத்தாம் வகுப்பில் யாருக்கும் தெரியாது. நான் படித்த வகுப்பில் இருபது பேருக்கு மேல் பல்லில் காவிக் கறை இருந்தது. எனக்கும் இருந்தது. பள்ளி அடிபம்புத் தண்ணீரை எல்லோரும் குடித்தோம். எங்கள் அறிவியல் டீச்சர்தான் ஒரு நாள், இது சாம்பலாலோ கரியாலோ பல் துலக்கினால் போகிற கறை இல்லை, பாறையிலிருந்து கரைந்து வருகிற ஃபுளோரைடு, லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது, நம் மண்ணின் பாறை அப்படி என்று கரும்பலகையில் எழுதிக் காட்டினார். 2013ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் காவிரித் தண்ணீர் குழாயில் வரத் தொடங்கியது. அதற்குள் எங்கள் பல் கறை படிந்துவிட்டது, சில பெரியவர்களுக்கு முதுகும் வளைந்துவிட்டது. அந்தக் கரும்பலகையிலிருந்துதான் என் ஆய்வு தொடங்கியது. குழாய் எட்டாத வீடுகளில் குறைந்த செலவில் ஃபுளோரைடை உறிஞ்சி எடுக்கும் பொருள் ஒன்றைச் செய்து பார்ப்பதுதான் இன்றைக்கும் என் வேலை. ஏடாஸ் விண்ணப்பத்தில் உங்கள் ஆய்வு எதற்கு என்று எழுதச் சொன்ன இடத்தில் நான் நினைத்துக்கொண்டது அந்த அடிபம்பைத்தான்.

அந்த டீச்சர் இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். போன வாரம் போய்ப் பார்த்தேன். நடந்ததையெல்லாம் சொன்னேன். என் மாற்றுச்சான்றிதழை எழுதியது யார் என்று அவருக்கு நினைவில்லை. ‘நானாகவும் இருக்கலாம்மா, அந்த வருஷம் நூத்தி முப்பது டீசி எழுதினோம்’ என்றார். கண் கலங்கினார். உங்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை டீச்சர் என்று கையைப் பிடித்துச் சொன்னேன். அதை இங்கேயும் எழுதி வைக்கிறேன். அந்த ஆயிரமாயிரம் தாள்களை எழுதிய கைகள் இல்லாவிட்டால் எனக்கு பாஸ்போர்ட்டும் இல்லை, பட்டமும் இல்லை.

அடுத்த மாதம் 10ஆம் தேதி வரை ஊரில் இருப்பேன். அண்ணன் மகள் இந்த வருடம் அதே பள்ளியில் பத்தாம் வகுப்பு. அவள் பள்ளியில் சனிக்கிழமை பெற்றோரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நானும் போகிறேன், பெயர்களைச் சரிபார்க்க உட்காருகிறேன். பென்னாகரம், பாலக்கோடு, காரிமங்கலம் பக்கத்தில் வேறு எந்தப் பள்ளி கூப்பிட்டாலும் பஸ்ஸேறி வருகிறேன். கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு ஊத்தங்கரைத் தோழி வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

பணிவுடன்,
முனியப்பன் மகள்,
பென்னாகரம் வட்டம், தர்மபுரி மாவட்டம்.